பெயரில் ஒளிந்திருக்கும் பிழை: அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்க

நிரல் ஓடுகிறது. சோதனைகள் எல்லாம் தேறுகின்றன. ஆனாலும் அந்தக் கோப்பைத் திறந்தால் சின்ன மாற்றம் ஒன்றைச் செய்யவே அரை நாள் போய்விடுகிறது. இப்படி வரும்போது பெரும்பாலும் லாஜிக்கைத்தான் சந்தேகப்படுவோம். நான் இப்போதெல்லாம் முதலில் வேரியபிள்களுக்கும் ஃபங்ஷன்களுக்கும் வைத்த பெயர்களைப் பார்க்கிறேன்.

ஒரு பெயர் சரியில்லை என்பது அதை வைக்கிற நேரத்தில் தெரியாது. அப்போது எல்லா விவரமும் நம் தலையில் சூடாக இருக்கிறது. `அ` என்று வைத்தாலும் நமக்குப் புரியும். கோளாறு வெளிப்படுவது அந்தப் பெயர் பயன்படுகிற இடத்தில். வேறொரு கோப்பில், வேறொருவர் (ஆறு மாதம் கழித்து வரும் நாமும் வேறொருவர்தான்) அதை அழைக்கும் வரியில். ஆகவே கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் முதல் சோதனை ஒன்றுதான்: ஃபங்ஷன் அழைக்கப்படும் வரியை மட்டும் தனியாக எடுங்கள். வரையறையைத் திறக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கே தடுக்கிறதோ அங்கே கை வைக்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு நூலக நிரலை வைத்துக்கொள்வோம். புத்தகம் இரவல் கொடுப்பது, திருப்பத் தாமதமானால் கட்டணம் கணக்கிடுவது, அவ்வளவுதான். பெயர்களைத் தமிழிலேயே எழுதுகிறேன். பைத்தான் 3, ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா மூன்றும் தமிழ் எழுத்தில் உள்ள பெயர்களை ஏற்றுக்கொள்ளும். ட்ரூ, ஃபால்ஸ் வரும் இடத்தில் மெய், பொய் என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் பெயர் வைப்பவராக இருந்தாலும் ஓரிரு இடம் தவிர எல்லாம் அப்படியே பொருந்தும்.

## அறிகுறி: அழைக்கும் வரி புரியவில்லை, உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது

`ப = கணக்கிடு(த, 14, மெய்)`

இதைப் படித்தால் என்ன தெரிகிறது? ஏதோ ஒன்றைக் கணக்கிடுகிறார்கள் என்பது மட்டும்தான். இதைச் சரிசெய்யும்போது வலமிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அதிகக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

கடைசியில் நிற்கும் `மெய்` எதற்கு மெய்? எழுதியவருக்கு மட்டும் தெரியும். பைத்தானில் இதற்கு எளிய வழி இருக்கிறது: அழைக்கும்போதே `மாணவர்_சலுகை=மெய்` என்று பெயரோடு கொடுக்கலாம். வரையறையில் அந்த இடத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டால், பெயர் சொல்லாமல் யாரும் அதைக் கொடுக்கவே முடியாது. ஜாவா, சி போன்றவற்றில் இந்த வசதி கிடையாது. அங்கே ஃபங்ஷனை இரண்டாகப் பிரிப்பதோ, மெய்-பொய்க்குப் பதிலாக ஒரு எனம் (enum, பெயரிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் டைப்) வைப்பதோ நல்லது.

அடுத்தது 14. இது நாளா, கட்டணமா, வயதா? எண்ணுக்கு ஒரு பெயர் கொடுங்கள். `அனுமதித்த_நாட்கள்` என்று வைத்த உடனே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். பிறகு `த`. அது ஒரு இரவல் பதிவு என்றால் `இரவல்` என்றே இருக்கட்டும். கடைசியாக ஃபங்ஷனும் விடையும்:

`தாமதக்_கட்டணம் = தாமதக்_கட்டணம்_கணக்கிடு(இரவல், அனுமதித்த_நாட்கள்=14, மாணவர்_சலுகை=மெய்)`

வரி நீண்டுவிட்டது என்று ரிவ்யூவில் (சக நிரலாளர் சரிபார்க்கும்போது) யாராவது சொல்லலாம். நீளத்துக்கு நான் பயப்படுவதில்லை. படித்து முடித்தபின் வேறு கோப்பைத் திறக்க வேண்டியிருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கிறேன்.

## அறிகுறி: விடை 1000 மடங்கு, 60 மடங்கு, 100 மடங்கு பிசகுகிறது

எண் ஏறக்குறைய சரியாக இருந்து கொஞ்சம் தள்ளிப்போனால் கணக்கில் தப்பு. இப்படி முழு மடங்காகப் பிசகினால், அலகு பெயரில் இல்லை என்று அர்த்தம்.

`காத்திருப்பு = 5000`

ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட் மில்லிநொடியில் எதிர்பார்க்கும். அதற்கு இது 5 நொடி. பைத்தானின் ஸ்லீப் நொடியில் எதிர்பார்க்கும். அதே எண்ணை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் நிரல் 83 நிமிடம் 20 நொடி தூங்கும். எரர் எதுவும் வராது, 'தொங்கிவிட்டது' என்று நினைத்து நெட்வொர்க்கை நோண்டிக்கொண்டிருப்போம். `காத்திருப்பு_மில்லிநொடி` என்று இருந்திருந்தால் ஸ்லீப்புக்குள் அதை எழுதும்போதே கண் உறுத்தியிருக்கும்.

அலகு தெரியாத எண் என்ன செய்யும் என்பதற்கு விண்வெளியில் ஒரு சாட்சி உண்டு. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1998 டிசம்பரில் கிளம்பியது. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்த நேரத்தில் தொடர்பு அறுந்தது, அதன்பின் திரும்பவே இல்லை. தரையில் ஓடிய ஒரு மென்பொருள், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு விசை-நொடியில் எழுதிக் கொடுத்தது. அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. அந்தத் தோல்விக்குச் சோதனைக் குறைபாடு உட்பட வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. பெயர் ஒன்றே காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு எண் கை மாறும்போது தன் அலகைத் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

நேரம், தூரம், எடை, கோப்பின் அளவு ஆகியவற்றை முதலில் பாருங்கள். `அளவு` என்று மட்டும் இருந்தால் பைட்டா, கிலோபைட்டா என்று கேளுங்கள். அப்புறம் சதவீதம். இதில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். `தள்ளுபடி = 15` என்று ஒருவர் வைப்பார், `தள்ளுபடி = 0.15` என்று இன்னொருவர் வைப்பார், இரண்டும் ஒரே நிரலில் இருக்கும். நூற்றுக்கு எத்தனை என்றால் `தள்ளுபடி_சதவீதம்`, 1-க்கு எத்தனை என்றால் `தள்ளுபடி_விகிதம்` என்று வைத்துவிடுங்கள், இந்தப் பிழை அப்புறம் வராது. கடைசியாகக் கடிகாரம்: உலக நேரமா, உள்ளூர் நேரமா என்பதும் ஒரு வகையில் அலகுதான். `தொடங்கிய_நேரம்_யூடிசி` என்று எழுதுவதில் தப்பில்லை.

இதைவிட நல்ல தீர்வு ஒன்று இருக்கும்போது அதை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் டைம்டெல்டா, ஜாவாவில் டியூரேஷன் என்று கால அளவுக்கென்றே டைப் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் அலகு மதிப்புக்குள்ளேயே வந்துவிடும், பெயரில் ஒட்ட வேண்டியதில்லை. வெறும் எண்ணாக இருக்கும்வரை மட்டும் பெயர் அந்தச் சுமையைத் தூக்கட்டும்.

இந்த இடத்தில் ஹங்கேரியன் குறியீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் கெட்ட பேர் பாதி நியாயமில்லாதது. ஹங்கேரியில் பிறந்த சார்லஸ் சிமோனி கொண்டுவந்த முறை அது. அவர் நினைத்தது, இந்த எண் அட்டவணையின் கிடைவரிசையைக் குறிக்கிறதா, நெடுக்கையைக் (செங்குத்து வரிசையை) குறிக்கிறதா என்பது போன்ற வகையைப் பெயரின் முன்னால் காட்ட வேண்டும் என்று. பின்னால் வந்தவர்கள் அதை 'இது முழு எண், இது சரம்' என்று டேட்டா டைப்பைக் காட்டும் முன்னொட்டாக ஆக்கிவிட்டார்கள். டைப் என்னவென்று கம்பைலருக்கே தெரியும், அதைத் திரும்ப எழுதி ஒரு பயனும் இல்லை. உதாரணமாக `உறுப்பினர்_லிஸ்ட்` என்று வைத்திருப்பார்கள். ஒரு வருடம் கழித்து அது டிக்ஷனரியாக மாறியிருக்கும், பெயர் மட்டும் லிஸ்ட் என்றே நிற்கும். `உறுப்பினர்கள்` என்று பன்மையில் வைத்திருந்தால் போதும்.

## அறிகுறி: எப்போதும் ஒன்று கூடுகிறது அல்லது ஒன்று குறைகிறது

`வரம்பு`, `முடிவு`, `எண்` என்ற மூன்று பெயர்களைத் தேடுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்று மாட்டும்.

`இரவல்_வரம்பு = 5` என்றால் 5 புத்தகம் எடுக்கலாமா, 5-ஐத் தொடவே கூடாதா? `அதிகபட்ச_இரவல்கள்` என்றால் 5 வரை எடுக்கலாம் என்பது தெளிவு. `முடிவு` என்பதும் இதே மாதிரிதான். பைத்தானின் ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது, டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லின் பிட்வீன் இரண்டு முனையையும் சேர்க்கும். கடைசியும் சேரும் என்றால் `கடைசி_பக்கம்` என்று வையுங்கள். சேராது என்றால் மட்டும் `முடிவு`. குழுவில் எல்லோரும் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் பெயரைப் பார்த்ததும் குறி `<` வர வேண்டுமா, `<=` வர வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

`பக்க_எண்`, `பக்க_எண்ணிக்கை`, `பக்க_இடம்` மூன்றும் வேறு வேறு. எண் என்பது மனிதர் பார்ப்பது, 1-இல் தொடங்கும். இடம் என்பது லிஸ்டுக்குள் இருக்கும் வரிசை, பெரும்பாலான மொழிகளில் 0-இல் தொடங்கும். ஜாவாஸ்கிரிப்டில் தேதியிடம் மாதத்தைக் கேட்டால் ஜனவரிக்கு 0 தரும், நாளைக் கேட்டால் முதல் தேதிக்கு 1 தரும். அப்படி வந்த மாதத்தை `மாதம்` என்ற வேரியபிளில் போட்டுவைத்தால் அடுத்து அதைத் தொடுகிறவர் நிச்சயம் ஏமாறுவார். `மாத_இடம்` என்று வைத்துவிட்டு, 1 கூட்டிய பிறகு மட்டும் `மாதம்` என்று மாற்றுங்கள்.

## அறிகுறி: ஒரு விவரத்தைக் கேட்டால், எங்கோ ஏதோ மாறிவிடுகிறது

நூலக உதாரணத்தை நான் எடுத்ததற்கே காரணம் இந்த அறிகுறிதான். சில வருடங்களுக்கு முன் நான் பராமரித்த ஒரு நூலக நிரலில், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட ஒரு உறுப்பினருக்குத் தினமும் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அவர் இரண்டு முறை வந்து பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் தேதிக் கணக்கைப் பிரித்து மேய்ந்தோம், நேர மண்டலத்தைச் சந்தேகப்பட்டோம், லீப் வருடத்தைக்கூட விடவில்லை. இரண்டு நாள் போனது.

காரணம் வேறெங்கோ இருந்தது. காலையில் தானாக ஓடும் அறிக்கை, ஒவ்வொரு உறுப்பினருக்கும் 'கெட்' என்று தொடங்கும் ஒரு ஃபங்ஷனை அழைத்துக் கட்டணத்தை வாங்கியது. அந்த ஃபங்ஷன் கட்டணத்தைக் கணக்கிட்டது, திருப்பித் தந்தது, நடுவில் உறுப்பினரின் கணக்கிலும் எழுதிவிட்டது. அதை எழுதியவர் 'கட்டணத்தை வசூலி' என்ற அர்த்தத்தில் கெட் என்று வைத்திருக்கிறார். அறிக்கை எழுதியவர் 'கட்டணத்தைத் தெரிந்துகொள்' என்ற அர்த்தத்தில் படித்திருக்கிறார். இரண்டு பேருமே கவனமானவர்கள். சோதனைகளும் இருந்தன, திரும்பி வரும் எண் சரியா என்று மட்டும் பார்க்கும் சோதனைகள்.

தமிழில் பெயர் வைத்திருந்தால் தப்பித்திருப்போமா என்று அப்புறம் யோசித்தேன். `கட்டணம்_எடு` என்றுதான் வைத்திருப்போம். 'எடு' என்றால் எடுத்துக் காட்டு என்றும் சொல்லலாம், பிடித்துக்கொள் என்றும் சொல்லலாம். அதே குழி. இரு பொருள் தரும் வினைச்சொல் எந்த மொழியிலும் ஆபத்துதான்.

சரிசெய்ய இப்படிப் போங்கள். ஃபங்ஷன் எதையாவது எழுதுகிறதா, அனுப்புகிறதா, அழிக்கிறதா என்று உடலை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். ஆம் என்றால், அந்தச் செயல் பெயரில் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். ஒரே ஃபங்ஷன் விடையும் தந்து மாற்றமும் செய்தால் இரண்டாக உடையுங்கள்: `தாமதக்_கட்டணம்_கணக்கிடு` எதையும் தொடாது, `கட்டணத்தைப்_பதிவுசெய்` மட்டும் எழுதும். உடைக்க முடியாத நிலைமை என்றால் `கணக்கிட்டுப்_பதிவுசெய்` என்று உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பெயர் அசிங்கமாகத் தோன்றும், தோன்றட்டும். அடுத்து வருபவர் அதை அறிக்கையில் போட மாட்டார்.

தமிழ் இலக்கணம் இங்கே நமக்கு ஒரு வசதி தருகிறது. செயலைச் செய்யும் ஃபங்ஷனுக்கு ஏவல் வினை வையுங்கள்: `வரிசைப்படுத்து`, `அனுப்பு`, `அழி`. மாற்றாமல் புதிதாக ஒன்றைத் தருவதற்குப் பெயரெச்சம் வையுங்கள்: `வரிசைப்படுத்திய_நூல்கள்`, `வடிகட்டிய_நூல்கள்`. பைத்தானில் சார்ட், சார்ட்டெட் என்று இரண்டு இருப்பதும் இதே எண்ணத்தில்தான். முதலாவது லிஸ்டை இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டு நன் என்ற வெற்று மதிப்பைத் தரும். இரண்டாவது பழையதைத் தொடாமல் புது லிஸ்ட் தரும். முதலாவதன் விடையை வேரியபிளில் பிடித்துவைத்துவிட்டு 'லிஸ்ட் காணாமல் போய்விட்டது' என்று தேடாத பைத்தான்காரர் குறைவு.

## அறிகுறி: நிபந்தனையைப் படிக்கும்போது விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது

`தடைசெய்யப்படாதவர்_அல்ல == பொய்`

மூன்று எதிர்மறை. இவருக்குப் புத்தகம் கொடுக்கலாமா கூடாதா? பேனாவை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். எதிர்மறையை முழுக்க நீக்கி, நேர்மறையில் ஒரு கேள்வியாக மாற்றுங்கள்: `இரவல்_தரலாமா`. தமிழில் கேள்விக்கு ஒரு 'ஆ' போதும். `தாமதமா`, `செலுத்தினாரா`, `உறுப்பினரா`. மெய்-பொய் மதிப்புக்கு இதைவிடக் கச்சிதமான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. ரூபி மொழியில் இதற்காகவே ஃபங்ஷன் பெயரின் கடைசியில் கேள்விக்குறி போடுவார்கள்.

`நிலை`, `கொடி` என்று பெயர் வைத்த மெய்-பொய் வேரியபிள் கண்ணில் பட்டால் உடனே மாற்றிவிடுங்கள். நிலை மெய் என்றால் என்ன நிலை? அதோடு, அதற்கு மூன்றாவது மதிப்பு ஏதும் வருகிறதா என்றும் பாருங்கள். `செலுத்தினாரா` என்பதற்கு மெய், பொய் தவிர 'இன்னும் தெரியாது' என்றும் ஒரு விடை இருந்தால், அது ஆம்-இல்லைக் கேள்வியே இல்லை. அப்போது `கட்டண_நிலை` என்று வைத்து மூன்று மதிப்புக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள்.

## அறிகுறி: தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது, அல்லது வரவே இல்லை

நூற்றுக்கணக்கில் வந்தால் பெயர் எதையும் சொல்லவில்லை. `தரவு`, `தகவல்`, `விவரம்`, `தற்காலிகம்`, `செயலாக்கு`. நிரலில் இருப்பது எல்லாமே தரவுதான். இவற்றோடு 1, 2 என்று எண் சேர்ந்திருந்தால் (`பட்டியல்1`, `பட்டியல்2`) ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வித்தியாசம்தான் பெயர்: `காத்திருக்கும்_நூல்கள்`, `வழங்கிய_நூல்கள்`.

ஓரெழுத்துப் பெயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று வரி லூப்பில் ஐ, ஜே என்று எழுதுவது ஃபோர்ட்ரான் காலத்துப் பழக்கம். 1957-இல் வந்த அந்த மொழியில் ஐ முதல் என் வரையான எழுத்தில் தொடங்கும் பெயர் தானாகவே முழு எண் ஆகிவிடும், பெயருக்கு 6 எழுத்துக்கு மேல் இடமும் கிடையாது. அன்று அது கட்டாயம், இன்று லூப்பில் மட்டும் எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: பெயர் பிறக்கும் வரியும் கடைசியாகப் பயன்படும் வரியும் ஒரே பார்வையில் தெரிந்தால் சின்னப் பெயர் போதும். திரையை உருட்ட வேண்டியிருந்தால் முழுப் பெயர் வேண்டும்.

தேடி வரவே இல்லை என்றால், ஒரே பொருளுக்குப் பல பெயர் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு கோப்பில் `உறுப்பினர்`, இன்னொன்றில் `வாசகர்`, மூன்றாவதில் `பயனர்`. மூன்றும் ஒருவரா, மூன்று பேரா? நூலகத்தில் வேலை செய்பவர்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அதையே எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மாற்றிவிடுங்கள். தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு காரணமும் உண்டு, ஒற்று. `தாமதக்_கட்டணம்` என்று ஒருவரும் `தாமத_கட்டணம்` என்று இன்னொருவரும் எழுதினால் கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒற்றுப் போடுவதா வேண்டாமா என்பதைக் குழு முதல் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நான் போடுகிறேன், வாய்விட்டுப் படிக்க அதுதான் இயல்பாக இருக்கிறது.

## அறிகுறி: நேற்றுவரை ஓடிய சாதாரண வரி இன்று எரர் தருகிறது

'லிஸ்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்' (லிஸ்டை ஃபங்ஷனைப்போல் அழைக்க முடியாது) என்று பைத்தான் சொன்னால், மேலே எங்கோ ஒரு வேரியபிளுக்கு லிஸ்ட் என்றே பெயர் வைத்துவிட்டீர்கள். மொழியோடு வரும் லிஸ்ட் அதன் பின்னால் மறைந்துவிட்டது. சம், மேக்ஸ், ஐடி, இன்புட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கோப்புப் பெயரும் இப்படி மறைக்கும்: ராண்டம் லைப்ரரியைப் பழக, ராண்டம் என்றே பெயரிட்ட கோப்பில் எழுதினால், இம்போர்ட் உங்கள் கோப்பையே இழுத்துக்கொள்ளும். பெயரை மாற்றுங்கள், முடிந்தது.

## அறிகுறி: இரண்டு இடத்திலும் அதே எழுத்து, ஆனாலும் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்கிறது

இது தமிழ்ப் பெயர்களுக்கே உரியது. இங்கே கண்ணை நம்பக் கூடாது.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. பைத்தான் பெயர்களைப் படிக்கும்போதே இயல்பாக்கிவிடுவதால் (ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவதால்) இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படிச் செய்யாது, அதற்கு அவை இரண்டு வேறு வேரியபிள்கள். பைத்தானிலும் இந்த இயல்பாக்கம் பெயர்களுக்கு மட்டும்தான். டிக்ஷனரியின் சாவியாகச் சரத்துக்குள் எழுதினால் அங்கும் இதே பிரச்சினை வரும்.

இயல்பாக்கினாலும் தீராதவை சில இருக்கின்றன. ஔகாரக் குறியின் வலப்பாதியும் ள-வும் ஒரே மாதிரி தெரிவதால் 'கௌ' என்பதை 'கெள' என்று தட்டுவது மிகச் சாதாரணம். தமிழ் எண் ௧ அப்படியே க போலத் தெரியும். 'ஸ்ரீ' கூட்டெழுத்தை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் வடிவம் ஒன்றாகவே இருக்கும்.

சந்தேகம் வந்தால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு இடத்திலிருந்தும் பெயரை நகலெடுத்து மேற்கோளுக்குள் போட்டு நீளத்தை அளந்து பாருங்கள். நீளம் வேறுபட்டால் காரணம் கிடைத்துவிட்டது. நீளம் ஒன்றாக இருந்தும் உறுத்தினால் ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் வரிசையாக அச்சிட்டுப் பாருங்கள். அப்புறம் சரியான பெயரை நகலெடுத்து எல்லா இடத்திலும் ஒட்டிவிடுங்கள்.

கோ மொழியில் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே வரலாம். நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' என்ற வகைக்குள் இல்லை. அதனால் `கட` என்ற பெயர் செல்லும், `கடி` செல்லாது. அங்கே தமிழை வேரியபிளுக்குக் கொண்டுபோக முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

## அறிகுறி: எவ்வளவு யோசித்தும் நல்ல பெயர் வரவில்லை

பத்து நிமிடம் யோசித்தும் வரவில்லை என்றால் பெயரை விடுங்கள், ஃபங்ஷனைப் பாருங்கள். அது என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "உறுப்பினரின் இரவல்களை எடுத்து, தாமதமானவற்றுக்குக் கட்டணம் போட்டு, அப்புறம் மின்னஞ்சல் அனுப்பி…" என்று வாக்கியம் நீண்டால் உள்ளே மூன்று ஃபங்ஷன்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்தவுடன் மூன்றுக்கும் பெயர் தானாக வரும்.

வாக்கியம் சுருக்கமாகவே வந்தும் சொல் அகப்படவில்லை என்றால், துறைக்காரரைக் கேளுங்கள். 'புத்தகத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் ஃபங்ஷன்' என்று நாம் தடுமாறும் இடத்தில் நூலகர் 'புதுப்பித்தல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

அப்போதும் கிடைக்கவில்லையா? சரி, `பெயர்_வேண்டும்_தாமதக்_கணக்கு` என்று வெளிப்படையாகக் குறைபட்ட பெயரோடு விட்டுவிடுங்கள். `செயலாக்கு` என்று பார்க்க ஒழுங்கான ஒரு பெயரை வைத்தால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

## அறிகுறி: பெயரை மாற்றினேன், வேறெங்கோ உடைந்துவிட்டது

தேடி-மாற்று கொடுத்திருப்பீர்கள். அதைச் செய்யாமல் எடிட்டரின் பெயர்மாற்ற வசதியைப் பயன்படுத்துங்கள். விஎஸ் கோடில் எஃப்2, ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் ஷிஃப்ட்டும் எஃப்6-ம். அது ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு வேரியபிள்களைப் பிரித்தறியும், தேடி-மாற்றுக்கு அது தெரியாது.

அந்த வசதிக்கும் எட்டாத இடங்கள் உண்டு: சரத்துக்குள் இருக்கும் பெயர்கள், ஜேசான் சாவிகள், டேட்டாபேஸ் நெடுக்கைகள், கான்ஃபிக் கோப்புகள். பழைய பெயரை மேற்கோளோடு ஒருமுறை தேடிப் பாருங்கள். பெயர்மாற்றத்தை வேறு எந்த மாற்றத்தோடும் கலக்காமல் தனிக் கமிட்டாக (ஒன்றாகச் சேமிக்கும் மாற்றத் தொகுப்பாக) வையுங்கள். நாற்பது கோப்பு மாறியிருந்தாலும் ரிவ்யூ செய்பவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார், தேவைப்பட்டால் திருப்பி எடுப்பதும் சுலபம்.

வெளியில் இருப்பவர்கள் பயன்படுத்தும் பெயர் என்றால் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபியில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் ரெஃபரர் ஹெடரில் ஒரு 'ஆர்' எழுத்து விட்டுப்போனது. 1996-இல் ஹெச்டிடிபியை விவரித்த ஆர்எஃப்சி 1945 ஆவணத்தில் அப்படியே ஏறிவிட்டது. இன்றும் உலகம் முழுக்க அந்த எழுத்துப்பிழையோடுதான் அது பயணிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் கெட்இயர் வருடத்திலிருந்து 1900-ஐக் கழித்துத் தந்தது. 1999-இல் 99 வந்ததைப் பார்த்து முன்னால் 19 ஒட்டிக்கொண்ட பக்கங்கள், 2000 ஜனவரியில் 19100 என்று காட்டின. முழு வருடத்தைத் தர கெட்ஃபுல்இயர் என்று இன்னொரு பெயர் வந்தது. பழையதை நீக்க முடியவில்லை, உலாவிகளில் இன்னும் இருக்கிறது.

ஆகவே வெளியார் தொடும் பெயரை மாற்றும்போது புதிய பெயரில் ஃபங்ஷனை எழுதி, பழைய பெயர் புதியதை அழைத்துவிட்டு ஒரு எச்சரிக்கை மட்டும் பதியும்படி வைத்துவிடுங்கள். பைத்தானில் இதற்கு டெப்ரிகேஷன் வார்னிங் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் மறைந்தே இருக்கும், காட்டும்படி முதலில் இயக்கிவிடுங்கள். அந்த எச்சரிக்கை எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று லாகில் பார்த்து, ஒவ்வொரு இடமாக மாற்றிக்கொண்டே வாருங்கள். மாதக் கடைசியில், வருடக் கடைசியில் மட்டும் ஓடும் நிரல்கள் ஒரு சுற்று ஓடி முடியும்வரை காத்திருங்கள். அதற்கப்புறமும் எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை என்றால் பழைய பெயரை நீக்கலாம்.